ஆட்சென்ஸ் இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டது. வன்னித் தளத்துக்குக் கிடைக்குமா, கிடைக்காதா?

#1 முத்தையன்கட்டு_வாய்க்கால்

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக ஓர் இணையத்தளம் நடத்துகிறேன். எங்கள் முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான் பக்கத்துச் செய்தி, குளம், வயல், கோயில் என்று போடுவது. சொந்த டொமைன், வேர்ட்பிரஸ். முதல் வருட ஹோஸ்டிங் காசை கனடாவில் இருக்கும் மாமா கட்டினார். அடுத்த வருடத்துக்கும் அவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தளமே தன் செலவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் கூகிளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸுக்கு விண்ணப்பித்தேன்.

முதல் தரம் ஐந்து நாளில் பதில் வந்தது: "குறைந்த மதிப்புள்ள உள்ளடக்கம்". சரி, தோற்றம் பிடிக்கவில்லை ஆக்கும் என்று நிறத்தை மாற்றி, லோகோ போட்டு, மெனுவைத் திருத்தித் திரும்ப அனுப்பினேன். அதே வசனம். 140 பதிவு இருக்கிறது. இதில் எது மதிப்புக் குறைந்தது என்று ஒரு சொல் இல்லை.

கேட்ட இடமெல்லாம் ஒவ்வொரு கதை. ஒருத்தர் தமிழ்த் தளத்துக்குத் தரவே மாட்டார்கள் என்கிறார். இன்னொருவர் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்களாம். பேஸ்புக்கில் ஒருத்தர் அனுமதி கிடைத்த கணக்கையே 15,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். அதை வாங்கிவிடலாமா என்றும் யோசனை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

#2 ஏ9_பஸ்

தம்பி, நானும் ஒரு காலத்தில் முயற்சி செய்தனான். கூகிளுக்குத் தமிழ் தெரியாது. விட்டுட்டு வயலைப் பார்.

#3 மாங்குளம்_சந்தி

ஏ9 அண்ணை சொல்வது அவருடைய காலத்துக்குச் சரி. 2018இல் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு முன் இங்கே பலர் ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எழுதி அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு தமிழைப் போட்டார்கள், அந்தக் கதைதான் இன்னும் சுற்றுகிறது. இப்போது அந்த வித்தை தேவையில்லை.

ஆயிரம் பேர் கதையும் அப்படித்தான். இத்தனை வாசகர், இத்தனை பதிவு என்று கூகிள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருப்பது இவைதான்: 18 வயது ஆகியிருக்க வேண்டும், தளம் உன்னுடையதாக இருக்க வேண்டும், அதன் நிரலில் கைவைக்க உனக்கு முடிய வேண்டும், உள்ளே இருப்பது உன் சொந்த ஆக்கமாகவும் அவர்களுடைய கொள்கைக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

கணக்கு வாங்குகிற பேச்சை மட்டும் விட்டுவிடு. கணக்கை இன்னொருவருக்கு விற்க விதியில் இடமே இல்லை. எனக்குத் தெரிந்த ஒருத்தர் வாங்கினார். காசு சேர்ந்து, கூகிள் அனுப்பும் எல்லையான நூறு டொலரைத் தொடப்போகும் நேரத்தில் விற்றவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். யாரிடம் போய் முறையிடுவது? கணக்கு விற்றவருடைய பெயரில் அல்லவா இருந்தது.

தள முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பு. கிளிநொச்சியில் நாலைந்து பேருக்குத் தளம் செய்து கொடுத்த அனுபவம் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்.

#4 முத்தையன்கட்டு_வாய்க்கால்

அனுப்பிவிட்டேன் அண்ணை. பேசாமல் விட மாட்டீர்கள் என்று தெரியும், ஆனால் கொஞ்சம் மெதுவாக ஏசுங்கோ.

#5 மாங்குளம்_சந்தி

பார்த்தேன். ஏசவில்லை, எண்ணினேன்.

140 பதிவில் 90க்கு மேல் வேறு செய்தித் தளங்களில் இருந்து எடுத்தவை. கீழே "நன்றி" என்று போட்டிருக்கிறாய். நன்றி சொன்னால் பண்பு, சொந்தமாகாது. அதே செய்தி ஏற்கெனவே இருபது தளத்தில் இருக்கிறது, இருபத்தோராவதாக உன்னிடம் வந்து வாசிக்க வேண்டிய காரணம் என்ன? கூகிள் "மதிப்பு" என்று சொல்வது இதைத்தான்.

அடுத்து 25 பதிவு மரண அறிவித்தலும் கோயில் நோட்டீசும். எல்லாம் படம். படத்துக்கு மேலே தலைப்பு ஒரு வரி, கீழே ஒன்றும் இல்லை. மனிதருக்கு அது செய்தி. வந்து பார்க்கிற இயந்திரத்துக்கு அது ஏறக்குறைய வெறும் பக்கம்.

மிச்சம் இருப்பது உன் தாத்தா சொன்ன குளத்துக் கதைகள், விதைநெல் பற்றியவை. அவை நல்லாக இருக்கின்றன. ஆனால் அதில்தான் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது. யார் தட்டச்சு செய்தது? பாமினி எழுத்துருவிலா?

#6 முத்தையன்கட்டு_வாய்க்கால்

ஓம் அண்ணை. சந்தியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிற ஐயா தட்டிக் கொடுப்பார். அவர் கலியாணக் கார்டு, மனு எல்லாம் பாமினியில்தான் தட்டுவார், நல்ல வேகம். தளத்தில் அந்த எழுத்துருவையும் சேர்த்து ஏற்றியிருக்கிறேன், போனிலும் வடிவாகத் தெரிகிறதே?

#7 ரீச்சர்_ஒட்டுசுட்டான்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாமினியில் தட்டினால் என்ன பிழை? நாங்கள் பரீட்சைத் தாள் எல்லாம் அதில்தானே அடித்தோம்.

#8 மாங்குளம்_சந்தி

ரீச்சர், தாளில் அச்சடிக்க ஒரு பிழையும் இல்லை. இணையத்தில்தான் வில்லங்கம்.

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட மாதிரி. திரையில் "அம்மா" என்று தெரிகிறது. முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அவ்வளவுதான். கூகிள் தளத்தை வாசிக்க வரும்போது முகமூடியைப் பார்ப்பதில்லை, உள்ளே கிடப்பதைத்தான் பார்க்கும். தம்பியின் தாத்தா கதை முழுவதும் அதற்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ் என்றே தெரியாது. அதனால்தான் "முத்தையன்கட்டு துருசு" (குளத்து மதகு) என்று தேடினால் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

யூனிகோடில் அப்படி இல்லை. அங்கே "அ" என்றால் உள்ளேயும் "அ"தான்.

ஆக மொத்தம் கூகிள் கண்ட தளம் இது: தொண்ணூறு கொப்பி, இருபத்தைந்து படம், மிச்சம் புரியாத எழுத்து. நான் அங்கே இருந்தாலும் அதே வசனத்தைத்தான் அனுப்பியிருப்பேன்.

#9 முத்தையன்கட்டு_வாய்க்கால்

அண்ணை, எட்டு மாதம்.

#10 ஏ9_பஸ்

தம்பி மனம் விடாதே. தாத்தாவைக் கூகிள் இன்னும் சந்திக்கவே இல்லை என்று வைத்துக்கொள். 😄

#11 பாலைப்பழம்

தம்பி, நான் புதுக்குடியிருப்பு. சமையல் தளம் வைத்திருக்கிறேன், போன வருடம் அனுமதி கிடைத்தது. எனக்கும் ஒரு தரம் திருப்பி அனுப்பினார்கள்.

பாமினியைத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. பாமினியை யூனிகோடாக மாற்றித் தருகிற இலவசப் பக்கங்கள் இருக்கின்றன. ஒட்டினால் ஒரு நொடி. ஆனால் பிறகு வரி வரியாக வாசியுங்கள். ஐயா அவசரத்தில் மெய்யெழுத்துப் புள்ளியை இரண்டு தரம் தட்டியிருந்தால் தாளில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மறைந்துவிடும், மாற்றினால் வெளியே வந்துவிடும். எண்களையும் பாருங்கள்.

அப்புறம் நான் மாட்டுப்பட்டது வேறு இடத்தில். தனியுரிமைக் கொள்கைப் பக்கம் கட்டாயம் வேண்டும், விளம்பர நிறுவனங்கள் குக்கி (வாசகரின் உலாவியில் பதிகிற சிறு கோப்பு) பயன்படுத்தும் என்பதை அதில் சொல்ல வேண்டும். நான் எங்கிருந்தோ ஒன்றை எடுத்து ஒட்டினேன். முழுதாக வாசிக்கவில்லை. மூன்றாவது பந்தியில் ஏதோ ஓர் அமெரிக்கச் செருப்புக் கடையின் பெயர் அப்படியே இருந்தது! ஒடியல் கூழ் செய்முறைக்குக் கீழே செருப்புக் கடையின் சட்டம். அதைக் கண்டுபிடித்தது என் மகள்.

"எங்களைப் பற்றி", "தொடர்பு" இரண்டையும் உங்கள் சொந்த வசனத்தில் எழுதுங்கள். நாலு வரி போதும். யார் எழுதுகிறார், எந்த ஊர், ஏன் எழுதுகிறார். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

#12 கறுப்புக்கண்ணாடி

இவ்வளவு கஷ்டம் ஏன் புரோ? ஏஐயிடம் சொன்னால் ஒரு இரவில் 50 கட்டுரை தரும். போட்டு அனுப்பு. முடிந்தது.

#13 மாங்குளம்_சந்தி

முடியும், தளமும் முடியும். 2024 மார்ச்சில் கூகிள் தன் ஸ்பாம் (குப்பை உள்ளடக்கம்) விதிகளைத் திருத்தியபோது, தேடலில் மேலே வருவதற்காகக் குவியல் குவியலாக உற்பத்தி செய்த உள்ளடக்கத்தைத் தனி வகையாகவே சேர்த்தது. மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் ஒன்றுதான்.

இன்னொன்று. "இரணைமடுக் குளம் 1902இல் கட்டத் தொடங்கி 1920இல் முடிந்தது" என்று ஏஐ எழுதித் தரும். சரியான தகவல்தான். நூறு இடத்தில் இருக்கிற தகவலும்கூட. வன்னி மன்னன் பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும் அப்படித்தான். தம்பியின் தாத்தா "குளம் நிரம்பி வான் பாயப்போகிறது என்பதை அலைகரையில் எறும்பு ஏறுகிற ஏற்றத்தில் கண்டுபிடிப்போம்" என்று சொல்லியிருக்கிறாரே, அதை எந்த இயந்திரத்திடம் கேட்டு வாங்குவாய்?

#14 ரீச்சர்_ஒட்டுசுட்டான்

அந்தக் கட்டுரையை இப்போதுதான் போய் வாசித்தேன். எறும்பு விடயம் உண்மை. என் தகப்பனாரும் சொல்லுவார்.

#15 நந்திக்கடல்_காற்று

நான் வேறு ஒன்று கேட்க வேண்டும், இழையைத் திசை திருப்புகிறேன் என்றால் மன்னியுங்கள்.

என்னுடையது நினைவுத் தளம். 2009இல் இல்லாமல் போனவர்களைப் பற்றி உறவினர்கள் சொல்வதை எழுதுகிறேன். சில பக்கங்களில் அந்த நாள்ப் படங்கள் இருக்கின்றன. விளம்பர வருமானம் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, சேவர் செலவுக்குத்தான். அந்தப் படங்கள் இருந்தால் அனுமதி வராது, எடுத்துவிடு என்று ஒருத்தர் சொன்னார். எடுக்க எனக்குக் கை வரவில்லை.

#16 மாங்குளம்_சந்தி

எடுக்க வேண்டாம். இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கூகிளிடம் இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்று கொள்கை, மற்றது கட்டுப்பாடு. கொள்கையை மீறினால் அந்தப் பக்கத்துக்கு விளம்பரமே இல்லை, தொடர்ந்து மீறினால் கணக்குக்கும் ஆபத்து. வெறுப்பைத் தூண்டுவது, வன்முறைக்கு அழைப்பது போன்றவை அதில் வரும். மற்றப் பட்டியலில் இருப்பவற்றைப் போட்டால் தண்டனை இல்லை. பல விளம்பரதாரர் அந்தப் பக்கத்துக்கு வர மாட்டார்கள், விளம்பரம் குறையும் அல்லது வராது, அவ்வளவுதான். இரத்தமும் உடலும் தெரிகிற அதிர்ச்சிப் படங்கள் இந்த இரண்டாவது பட்டியலில்.

ஆனால் விண்ணப்பிக்கும்போது முழுத் தளத்தையும்தான் பார்ப்பார்கள். முகப்பிலேயே அந்தப் படங்கள் இருந்தால் பார்ப்பவருடைய கை தயங்கும். என் அபிப்பிராயம்: சாட்சியங்கள் எழுத்தாக முன்னுக்கு இருக்கட்டும், அந்தப் படங்கள் உள்ப் பக்கங்களில் இருக்கட்டும். அனுமதி வந்த பிறகு, தானியங்கி விளம்பர அமைப்பில் "விலக்கிய பக்கங்கள்" என்று ஒரு இடம் இருக்கிறது. அந்தப் பக்கங்களின் முகவரிகளை அதில் போட்டுவிட்டால் அங்கே தானியங்கி விளம்பரம் வராது.

#17 ரீச்சர்_ஒட்டுசுட்டான்

விலக்கத்தான் வேண்டும். கூகிளுக்காக இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது பக்கத்தில் சவர்க்கார விளம்பரம் ஆடிக்கொண்டிருக்கக் கூடாது.

#18 நந்திக்கடல்_காற்று

நன்றி ரீச்சர். அதை நான் யோசிக்கவே இல்லை.

#19 இலண்டன்_மழை

வணக்கம் உறவுகளே. புலம்பெயர்ந்த எங்களால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். வன்னித் தளங்களை வாசிப்பதில் பாதிப் பேர் நாங்கள்தானே.

ஐரோப்பிய நாடுகளிலும் பிரித்தானியாவிலும் இருந்து வருகிறவர்களுக்கு விளம்பரம் காட்டுவதானால், கூகிள் சான்றளித்த முறையில் அவர்களிடம் குக்கிக்குச் சம்மதம் கேட்க வேண்டும். 2024 ஜனவரி 16இல் இருந்து இது கட்டாயம், சுவிஸுக்கு அதே வருடம் ஜூலை 31. கேட்காவிட்டால் எங்களுக்கு வருகிற விளம்பரம் மிகவும் குறைந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை, காசு கொடுத்து எதுவும் வாங்கவும் வேண்டாம். ஆட்சென்ஸ் கணக்குக்குள்ளேயே "தனியுரிமையும் செய்திகளும்" என்ற பகுதியில் இலவசமாகச் செய்யலாம். ஆனால் செய்ய மறந்துவிடுவார்கள். இலண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் கனடாவிலும் காட்டப்படும் விளம்பரத்துக்குத்தான் விலை கூட, இலங்கையில் காட்டப்படுவதற்குக் குறைவு. மறந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

#20 மாங்குளம்_சந்தி

நல்ல தகவல், இதை நானே இரண்டு பேருக்குச் செய்து கொடுக்க மறந்திருக்கிறேன். இன்றிரவு போய்ச் செய்ய வேண்டும்.

வாய்க்கால் தம்பி, திரும்ப விண்ணப்பிக்க முன் மூன்று இடத்தைப் பார். வேர்ட்பிரஸ் அமைப்பில் "தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம்" என்று ஒரு பெட்டி உண்டு. தளம் கட்டும்போது குறியிட்டுவிட்டுப் பலர் மறந்துவிடுவார்கள். பாதுகாப்புச் செருகி ஏதும் போட்டு வெளிநாட்டு வருகைகளைத் தடுத்திருக்கிறாயா பார், கூகிளின் இயந்திரம் பெரும்பாலும் அமெரிக்க முகவரியில் இருந்துதான் வரும், அதுவும் வாசலில் நிற்கும். மூன்றாவது, உன் ஹோஸ்டிங் எவ்வளவு மலிவு? அவர்கள் வருகிற நேரம் தளம் விழுந்து கிடந்தால் அதற்கும் ஒரு மறுப்புக் கடிதம் இருக்கிறது.

#21 முத்தையன்கட்டு_வாய்க்கால்

பெட்டியில் குறி இருந்தது அண்ணை.

#22 ஏ9_பஸ்

கதவை உள்ளே பூட்டிப்போட்டு விருந்துக்கு அழைத்திருக்கிறான்!!

#23 முத்தையன்கட்டு_வாய்க்கால் (மூன்று கிழமைக்குப் பிறகு)

மன்னிக்கவும், காணாமல் போனதற்கு. அறுவடை, பிறகு மழை, பிறகு மின்சாரம்.

செய்தவற்றைச் சொல்கிறேன். கொப்பிச் செய்தி எல்லாவற்றையும் அழித்தேன். 94 இருந்தது. அழிக்கும்போது வயிறு எரிந்தது, அழித்த பிறகு தளம் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. மரண அறிவித்தல்களை அழிக்க மனம் வரவில்லை, குடும்பங்கள் நம்பித் தந்தவை. அவர்களிடம் போன் எடுத்துப் பேசி, ஒவ்வொருவரைப் பற்றியும் ஐந்தாறு பந்தி எழுதினேன். இதுவரை 11 முடிந்தது. ஒருத்தர் பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போய்த் தேன் எடுத்து வருகிறவர். அவர் மகள் சொல்லச் சொல்ல ஒன்றரை மணித்தியாலம் எழுதினேன். முன்னர் அவருக்கு என் தளத்தில் ஒரு படமும் ஒரு திகதியும்தான் இருந்தது.

தாத்தாவின் கதைகளை யூனிகோடுக்கு மாற்றினேன். அக்கா சொன்னது போலவே புள்ளியெல்லாம் துள்ளி வெளியே வந்தது. புதிதாக எட்டு எழுதினேன்: துருசு எப்படி வேலை செய்கிறது, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் விடும் நாளை எப்படித் தீர்மானிக்கிறார்கள், யானை வேலி இருந்தும் யானை எப்படி வருகிறது, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிற பாதை என்று.

நேற்று விண்ணப்பித்தேன்.

#24 பாலைப்பழம்

இனி ஒவ்வொரு மணித்தியாலமும் போய்ப் பார்க்காதீர்கள். சில நாளில் வரும், சில நேரம் 2 முதல் 4 கிழமையும் ஆகும். எனக்குப் பதின்மூன்றாம் நாள் வந்தது.

#25 முத்தையன்கட்டு_வாய்க்கால் (ஒன்பது நாளுக்குப் பிறகு)

கிடைத்துவிட்டது!!!

தாத்தாவிடம் சொன்னேன். "என்ன சம்பளம்?" என்று கேட்டார்.

#26 ஏ9_பஸ்

வாழ்த்துக்கள் தம்பி. நான் சொன்ன புத்திமதியைக் கேட்காமல் விட்டதற்கு நன்றி. உன் தளத்துக்குப் போய் இப்போதே பத்து விளம்பரத்தை அழுத்திவிட்டு வருகிறேன், என் பங்குக்கு.

#27 மாங்குளம்_சந்தி

அண்ணை வேண்டாம்!! தயவுசெய்து ஒருவரும் அழுத்த வேண்டாம்.

தம்பி, இதுதான் இப்போது உனக்குள்ள மிகப் பெரிய ஆபத்து. எங்கள் சனம் அன்பால் கொன்றுவிடும். கனடா மாமா, அவருடைய பிள்ளைகள், பள்ளிக்கூட நண்பர்கள் எல்லோரும் "தம்பிக்கு உதவி" என்று அழுத்துவார்கள். கூகிளுக்கு அது செல்லாத அழுத்து. ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப அழுத்துவதைக் கண்டுபிடித்துக் காசைப் பிடிப்பார்கள், கூடினால் கணக்கை மூடுவார்கள். மூடிய பிறகு இன்னொன்று திறக்கவும் விட மாட்டார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கே சொல்லிவிடு. நீயும் உன் விளம்பரத்தைத் தொடாதே. "விளம்பரத்தை அழுத்தி ஆதரவு தாருங்கள்" என்று தளத்தில் எழுதுவதும் விதி மீறல்தான்.

2024இல் இருந்து ஆட்சென்ஸ் பொதுவாக விளம்பரம் காட்டப்படுவதற்கே காசு கணக்கிடுகிறது, அழுத்துக்கு அல்ல. ஆகவே அன்பு உள்ளவர்கள் வந்து ஆறுதலாக வாசித்தால் போதும்.

#28 முத்தையன்கட்டு_வாய்க்கால்

மாமா ஏற்கெனவே நாலு அழுத்திவிட்டார். போன் எடுத்து ஏசிவிட்டேன், முதல் தடவையாக. அட்ஸ் டொட் டெக்ஸ்ட் கோப்பு இல்லை என்று மஞ்சள் எச்சரிக்கை காட்டுகிறது, அது என்ன?

#29 மாங்குளம்_சந்தி

உன் தளத்து விளம்பர இடத்தை விற்க யாருக்கு உரிமை என்று சொல்கிற ஒற்றை வரிக் கோப்பு. உன் பெயரில் வேறொருவர் விற்காமல் இருக்க. கணக்கிலேயே வரி இருக்கும், கொப்பி எடுத்துத் தளத்தின் வேர் அடைவில் போடு. எச்சரிக்கை போக சில நாள் எடுக்கும்.

கொப்பி பண்ண உனக்கு நான் அனுமதி தருகிற ஒரே இடம் இதுதான்.

#30 முத்தையன்கட்டு_வாய்க்கால் (இரண்டரை மாதத்துக்குப் பிறகு)

பத்து டொலர் சேர்ந்துவிட்டது. இப்போது முகவரியை உறுதிப்படுத்த ஆறு இலக்க இரகசிய எண் (பின்) தபாலில் வருமாம். எங்கள் வீட்டுக்கு இலக்கமே இல்லை. வீதிக்கும் பெயர் இல்லை. இடதுகரை என்று போட்டால் பாதி ஊர் இடதுகரைதான். என்ன செய்வது?

#31 பாலைப்பழம்

தம்பி இதில் நான் பட்ட பாடு பெரிய பாடு. முதல் கடிதம் வரவே இல்லை.

முகவரியை ஆங்கில எழுத்தில் போடுங்கள். முதல் வரியில் வீட்டுக்காரர் பெயர், அதாவது தபாற்காரருக்குத் தெரிந்த அப்பா அல்லது தாத்தாவின் பெயர். இரண்டாம் வரியில் ஊர், அதற்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம், கோயிலோ பள்ளிக்கூடமோ. பிறகு உப தபாற்கந்தோர், மாவட்டம். அதைவிட முக்கியம், நேரே தபாற்கந்தோருக்குப் போய் இப்படி ஒரு கடிதம் வரப்போகிறது என்று சொல்லி வையுங்கள். பெரிய உறையில் வராது. சின்ன வெள்ளை மடிப்புத் தாள், பார்க்க ஏதோ விளம்பரத் துண்டு மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் முதல் கடிதத்தை அடுப்பு மூட்டினார்களோ என்று இன்னமும் எனக்குச் சந்தேகம்.

2 முதல் 4 கிழமைக்குள் வர வேண்டும். வராவிட்டால் திரும்பக் கேட்கலாம். ஆனால் முதல் பின் உருவான நாளில் இருந்து நாலு மாதத்துக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும், அதை மறக்க வேண்டாம்.

#32 இலண்டன்_மழை

பெயரிலும் கவனம். எங்கள் ஆட்களுக்கு அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும், கூகிளில் செல்லப்பெயர் இருக்கும். காசு வரும்போது வங்கி இதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கணக்கில் பணம் பெறுபவர் பெயர் வங்கிப் புத்தகத்தில் உள்ளது போல ஒரு புள்ளி பிசகாமல் இருக்கட்டும். நூறு டொலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதே சரிபார்த்து வையுங்கள்.

#33 முத்தையன்கட்டு_வாய்க்கால் (ஐந்து கிழமைக்குப் பிறகு)

வந்துவிட்டது. வீட்டுக்கு அல்ல. தபாற்காரர் பெயரை வாசித்துவிட்டுத் தாத்தா அந்த நேரம் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இருப்பார் என்று அங்கேயே கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். கூட்டத்தின் நடுவில் தாத்தாவுக்கு அமெரிக்காவில் இருந்து கடிதம்! முழுக் கூட்டமும் எழும்பிப் பார்த்ததாம். தண்ணீர் விடும் திகதியைத் தீர்மானிக்க அரை மணித்தியாலம் பிந்திவிட்டது.

இலக்கத்தைப் போட்டேன், உறுதியாகிவிட்டது. மொத்தம் 14 டொலர் 30 சதம் நிற்கிறது. ஹோஸ்டிங் காசுக்கு இன்னும் தூரம், ஆனால் இந்த வருடம் மாமாவிடம் பாதிதான் கேட்பேன் என்று நினைக்கிறேன்.

#34 நந்திக்கடல்_காற்று

எனக்கும் போன கிழமை அனுமதி வந்தது. படங்கள் இருக்கிற பக்கங்கள் எல்லாவற்றையும் விலக்கிவிட்டேன்.

#35 ரீச்சர்_ஒட்டுசுட்டான்

இருவருக்கும் வாழ்த்துக்கள் பிள்ளைகள். வாய்க்கால் தம்பி, ஒரு பிழை சொல்ல வேண்டும். துருசு பற்றிய கட்டுரையில் மூன்றாவது படத்துக்குக் கீழே "துருசு திறந்த காட்சி" என்று இருக்கிறது. அது துருசு இல்லை, வான் பாய்கிற படம். துருசால் போவது வயலுக்குப் போகிற தண்ணீர், வானால் போவது குளம் கொள்ளாத மிச்சத் தண்ணீர். ஊர்ப் பிள்ளை நீங்களே மாற்றி எழுதினால் வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகள் அதைத்தான் படிக்கும்.

#36 முத்தையன்கட்டு_வாய்க்கால்

ஐயோ ரீச்சர், படம் ஏற்றியது தங்கச்சி. தாத்தா கண்டால் என்னைத்தான் வானால் அனுப்புவார். அண்ணை, அனுமதி வந்த பிறகு கட்டுரையில் கைவைத்தால் ஏதும் பிரச்சினை வருமா?

#37 மாங்குளம்_சந்தி

ஒன்றும் வராது. திருத்து.

#38 முத்தையன்கட்டு_வாய்க்கால்

திருத்திவிட்டேன் ரீச்சர். துருசுப் படம் கையில் இல்லை. விடியப் போய் எடுத்து வருகிறேன், நாளைக்குத்தான் தண்ணீர் திறக்கிறார்கள்.